அடுப்பில் காய்ச்சும் பழைய சாக்லேட் ஐசிங்: பாகு முதல் பூச்சு வரை

கேக்கின் மேல் பூசும் சாக்லேட் ஐசிங் என்றதும், வெண்ணெயையும் ஐசிங் சர்க்கரையையும் கோகோவையும் சேர்த்து நுரைக்க அடித்த கிரீம்தான் இன்று பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் மேரிலாந்தின் கடலோர ஊர்களிலும் வீட்டுக் கேக்குகளுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூசிவரும் ஐசிங் வேறு வகை. சர்க்கரை, பால், கோகோ மூன்றையும் அடுப்பில் ஏற்றிப் பாகாகக் காய்ச்சி, அசைக்காமல் ஆறவிட்டு, பிறகு மரக்கரண்டியால் அடித்துச் சூடு தணிவதற்குள் பூசிவிட வேண்டிய ஐசிங் அது. பூசிய சற்று நேரத்தில் அதன் மேற்புறம் மெல்லிய ஏடாக இறுகிவிடும். கத்தியை வைத்து அழுத்தினால் அந்த ஏடு விரிசல் விட்டு, அடியில் மிருதுவான சாக்லேட் தெரியும். வெண்ணெய்க் கிரீம் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் இந்தக் கடியைத் தராது. மேலும், வெண்ணெய் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு டிகிரியிலேயே உருகத் தொடங்குவதால் சித்திரை வெயிலில் கிரீம் வழிந்து இறங்கிவிடும். சர்க்கரைப் படிகங்களால் இறுகிய இந்த ஐசிங்கோ நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஃபட்ஜ் என்னும் அமெரிக்க மிட்டாய்தான் இதன் தாய். மேரிலாந்தின் பால்டிமோர் நகரில் 1886-இல் ஃபட்ஜ் ஒரு பவுண்டு 40 சென்ட்டுக்கு விற்றதையும், 1888-இல் நியூயார்க் மாநிலத்தின் வாசர் மகளிர் கல்லூரியில் தாம் 30 பவுண்டு காய்ச்சியதையும் அக்கல்லூரியில் படித்த எமிலின் ஹார்ட்ரிட்ஜ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதே மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவின் நடுவே படகில் மட்டுமே சென்றடையக்கூடிய ஸ்மித் தீவின் கேக், 2008-இல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ இனிப்பாக அறிவிக்கப்பட்டது. எட்டிலிருந்து பத்து வரையான மெல்லிய மஞ்சள் கேக் அடுக்குகளுக்கு இடையே காய்ச்சிய சாக்லேட் ஐசிங்கை ஊற்றி அடுக்குவதே அதன் அமைப்பு. சிப்பி எடுக்கக் கடலுக்குச் சென்று நாள்கணக்கில் தங்கும் ஆண்களுக்குக் கொடுத்தனுப்ப, கிரீமைவிட இந்த ஐசிங் தாங்கும் என்பதால்தான் அது அங்கே நிலைத்தது என்று தீவில் சொல்வார்கள். அலபாமாவின் தென்கிழக்கு மூலையிலும் இதேபோல் மெல்லிய அடுக்குகளைச் சுடச்சுட அடுக்கி, காய்ச்சிய சாக்லேட்டை ஊற்றும் வழக்கம் உண்டு. இல்லினாய் மாநிலத்தின் ஹைலண்ட் ஊரில் 1885-இல் தொடங்கிய நிறுவனம் டின்னில் அடைத்து விற்ற எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் நீர் வற்றச் சுண்டவைத்த பால்), குளிர்பெட்டி இல்லாத வீடுகளிலும் கெடாமல் இருந்ததால் இந்த ஐசிங்கிற்கு ஏற்ற பாலாக அமைந்தது. இன்றும் பல வீட்டுக் குறிப்புகளில் அந்தப் பாலே இடம்பெறுகிறது.

செய்முறைக்குள் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்த ஐசிங் நன்றாக வருவதும் கெடுவதும் பொருள்களின் அளவைவிட, எப்போது கிளற வேண்டும், எப்போது கையையே வைக்கக் கூடாது என்பதைத்தான் பொறுத்திருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிநிலையில் அது 480 கிராமைத் தாண்டிவிடும். ஆகவே கொதித்துச் சுண்டிய பாகு ஆறும்போது, அந்தச் சூட்டுக்குத் தகுந்த அளவைவிட மிகுதியான சர்க்கரை அதில் கரைந்த நிலையிலேயே காத்திருக்கிறது. ஓரத்தில் ஒட்டிய ஒரு பரல் சர்க்கரையோ, கரண்டியின் ஒரு சுற்றோ போதும், அது படிகமாக உறையத் தொடங்கிவிடும். பாகு சூடாக இருக்கும்போது உறைந்தால் படிகங்கள் பெரிதாக வளர்ந்து நாக்கில் மணலாக நறநறக்கும். நன்றாக ஆறிய பின் இடைவிடாமல் அடித்தால் எண்ணற்ற மிகச்சிறு படிகங்கள் ஒரே சமயத்தில் தோன்றும். அவை ஒன்றும் பெரிதாக வளர இடமில்லாததால் ஐசிங் வழுவழுப்பாக அமையும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு விதியும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்ததுதான்.

பொருள்கள்

ஒன்பது அங்குல வட்டக் கேக் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவிலும் மேலும் பக்கங்களிலும் பூசுவதற்குச் சர்க்கரை 400 கிராம், கோகோ தூள் 45 கிராம், எவாப்பரேட்டட் மில்க் 180 மில்லி, வெண்ணெய் 115 கிராம், லிக்விட் குளுக்கோஸ் ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி வேண்டும். அமெரிக்கக் குறிப்புகளில் வரும் ‘கப்’ 240 மில்லி கொள்ளளவு என்பதையும், அதில் சர்க்கரை 200 கிராமும் கோகோ ஏறத்தாழ 85 கிராமும் பிடிக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் வேறு எந்தக் குறிப்பையும் தராசுக்கு மாற்றிக்கொள்ளலாம். காபி டம்ளரைக் கப்பாகக் கொண்டு அளக்கத் தொடங்கினால் பதம் ஒருபோதும் பிடிபடாது.

நம் கடைகளில் கிடைக்கும் சர்க்கரையின் பரல் அமெரிக்கச் சர்க்கரையைவிடப் பெரியது. அது கரைய நேரம் பிடிக்கும் என்பதால், மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வது வேலையைச் சுலபமாக்கும். மாவாகும்வரை அரைக்க வேண்டியதில்லை. பாக்கெட்டில் வரும் ஐசிங் சர்க்கரையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கட்டி தட்டாமலிருக்க அதில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும், காய்ச்சும்போது அது பாகைக் குழகுழவென்று ஆக்கிவிடும்.

எவாப்பரேட்டட் மில்க் கிடைக்காத ஊர்களில், ஆவின் ஆரஞ்சு பாக்கெட் போன்ற நிறைகொழுப்புப் பால் 450 மில்லியை அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் 180 மில்லியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டிக்கொண்டால் அதுவே போதுமானது. படியும் ஆடையை எடுத்துவிட வேண்டும். ஐசிங்கில் அது திரியாகத் தெரியும். கண்டென்ஸ்டு மில்க் இதற்கு மாற்று ஆகாது. அதில் ஏற்கெனவே ஏராளமான சர்க்கரை இருப்பதால் அளவுகள் எல்லாம் குலைந்துபோகும், அடியும் எளிதில் பிடிக்கும்.

கோகோ இரண்டு வகைப்படும். 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பம் கோகோ வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. அதன் பின்னரே கொழுப்பு குறைந்த கோகோ தூள் பரவியது. காரப் பொருள் சேர்த்துப் புளிப்பை நீக்கும் ‘டச்’ முறையும் அவர்களிடமிருந்தே வந்தது. டச் முறைக் கோகோ கருமையாகவும் சுவையில் மெத்தென்றும் இருக்கும். இயற்கைக் கோகோ செம்பழுப்பு நிறமும் இலேசான புளிப்பும் கொண்டது. பொட்டலத்தின் பின்புறத்தில் 500 அல்லது 501 என்ற எண்ணுடன் அமிலத்தன்மைச் சீராக்கி என்று குறித்திருந்தால் அது டச் வகை. கேக் மாவில் சோடா உப்போடு சேரும்போதுதான் இந்த வேறுபாடு கேக்கின் எழுச்சியைப் பாதிக்கும். ஐசிங்கில் எதைப் போட்டாலும் கெட்டுப்போகாது. பழைய அமெரிக்கச் சமையலறைகளில் இருந்தது இயற்கைக் கோகோதான். இத்தனை சர்க்கரைக்கு அந்தப் புளிப்பு தேவை என்பது என் கருத்து. சர்க்கரை சேர்த்த டிரிங்கிங் சாக்லேட் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

லிக்விட் குளுக்கோஸ் சேர்ப்பதைச் சிலர் ஏமாற்று வேலையாகப் பார்க்கிறார்கள். அமெரிக்க வீடுகளில் இதே வேலையைக் கார்ன் சிரப் என்னும் சோளப்பாகு செய்கிறது. குளுக்கோஸின் மூலக்கூறுகள் சர்க்கரை மூலக்கூறுகளுக்கு இடையில் புகுந்து அவை வரிசையாக அடுக்கிக்கொள்வதைத் தடுப்பதால், படிகங்கள் சிறியனவாகவே நின்றுவிடும். பூசுவதற்குக் கூடுதலாகச் சில நிமிட அவகாசமும் கிடைக்கும். முதன்முறை செய்பவர்கள் இதை விடாமல் சேர்க்க வேண்டும். கை பழகியபின் விட்டுவிடலாம். அது இல்லாதபோது எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடுவது பாகுக்குப் பொருந்தும் என்றாலும், பால் சேர்ந்த இந்தக் கலவையில் பால் திரிந்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. வெண்ணெய் உப்பிட்டதாக இருந்தால் தனியாக உப்பு போட வேண்டாம்.

காய்ச்சும் முறை

பாத்திரம் அடிகனமானதாகவும், குறைந்தது மூன்று லிட்டர் கொள்வதாகவும் இருக்க வேண்டும். கலவை முக்கால் லிட்டர்கூட இல்லையே, இவ்வளவு பெரிய பாத்திரம் எதற்கு என்று தோன்றலாம். கொதி வந்ததும் பால் சேர்ந்த பாகு இரண்டு மூன்று மடங்கு உயரத்துக்குப் பொங்கி எழும். அடுப்பில் வழிந்தால் துடைத்துவிடலாம். கையில் வழிந்தால் தண்ணீரைப்போல் உருண்டோடாமல் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். சிறு குழந்தைகளை அந்த நேரத்தில் சமையலறைக்கு வெளியே வைத்திருப்பதே சரி.

கோகோவைச் சலித்து, சர்க்கரையோடும் உப்போடும் உலர்ந்த நிலையிலேயே நன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். சர்க்கரைப் பரல்கள் கோகோத் துகள்களைப் பிரித்து வைப்பதால் பால் ஊற்றும்போது கட்டி தட்டாது. பிறகு பாலையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கலக்கி, மிதமானதற்கும் சற்றுக் குறைவான தீயில் ஏற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் எவ்வளவு கிளறினாலும் தவறில்லை. சர்க்கரை முழுவதும் கரையும்வரை கிளறியே ஆக வேண்டும். கரண்டியின் முதுகைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் தேய்த்துப் பார்த்தால் நறநறப்பு உணரப்படும்; அது அறவே நீங்கிய பிறகுதான் கொதிக்க விட வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டுபவர்களின் ஐசிங் இங்கேயே கெட்டுப்போகிறது, ஆனால் கெட்டது தெரியவருவது ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

கொதி தொடங்கியதும் பாத்திரத்தை இறுக்கமான மூடியால் இரண்டு நிமிடம் மூடி வைத்தால், எழும் ஆவி உட்சுவரில் படிந்து வழிந்து, அங்கே ஒட்டியிருக்கும் பரல்களைக் கழுவி இறக்கிவிடும். பொங்கிவிடுமோ என்று அஞ்சுபவர்கள் சுத்தமான தூரிகையைத் தண்ணீரில் நனைத்து உட்சுவரைச் சுற்றிலும் துடைத்துவிடலாம். இதன்பின் கிளறுவதைக் கூடியவரை குறைக்க வேண்டும். பாலும் கோகோவும் இருப்பதால் அறவே கிளறாமல் விட்டால் அடிபிடித்துவிடும். எனவே கரண்டியை அடியோடு ஒட்டி, நேர்க்கோட்டில், எப்போதாவது ஒருமுறை மெல்ல இழுத்தால் போதும். சுற்றிச் சுழற்றிக் கலக்கக் கூடாது.

பாகின் முன்னேற்றத்தைக் குமிழிகளே சொல்லும். முதலில் வெளிர்ப் பழுப்பு நுரை உயரமாக எழுந்து சலசலக்கும். தண்ணீர் வற்ற வற்ற நுரை தணிந்து, நிறம் கருத்து, குமிழிகள் பெரிதாகி, ஒவ்வொன்றும் ‘பொளக்’ என்று தடித்த ஓசையோடு உடையும். இந்த ஓசை கேட்கத் தொடங்கியதும் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

பதம் பார்த்தல்

வெட்டித் துண்டு போடும் ஃபட்ஜுக்கு 114 அல்லது 115 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சுவார்கள். ஐசிங் பூசத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதால் 111 அல்லது 112 டிகிரியில் இறக்கிவிட வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் முனை பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பாகின் நடுவே நிற்கும்படி பிடிக்க வேண்டும். விலை குறைந்த தெர்மாமீட்டர்கள் இரண்டு மூன்று டிகிரி பிசகுவது சாதாரணம். இந்த வேலையில் அந்தப் பிசகு ஐசிங்குக்கும் மிட்டாய்க்கும் உள்ள இடைவெளியையே விழுங்கிவிடும். ஆகவே முதலில் கொதிக்கும் தண்ணீரில் அதை வைத்து என்ன காட்டுகிறது என்று பார்த்து, அந்த எண்ணோடு பன்னிரண்டைக் கூட்டிக்கொள்வதே பாதுகாப்பான வழி. சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்தால் இலக்கு 112. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அங்கே 104, 105 டிகிரியில் இறக்க வேண்டும். உதகையில் 112 டிகிரிக்காகக் காத்திருப்பவருக்குக் கேக்கின் மேல் பூச எதுவும் மிஞ்சாது, உடைத்துச் சாப்பிட மிட்டாய் கிடைக்கும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் அதிரசத்துக்கு வெல்லப்பாகு பார்ப்பதைப்போலவே இதையும் பார்க்கலாம். கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு அரைத் தேக்கரண்டிப் பாகை அதில் விட வேண்டும். அது கரைந்து கலங்கினால் இன்னும் காய வேண்டும். விரலால் ஒன்றுசேர்க்கும்போது தண்ணீருக்குள் உருண்டையாகத் திரண்டு, வெளியே எடுத்ததும் விரல்மேல் நிற்காமல் தட்டையாகச் சரிந்தால் அதுவே ஐசிங்கிற்கான பதம். வெளியே எடுத்தபின்னும் உருண்டையாகவே நின்றால் ஒரு படி மிஞ்சிவிட்டது என்று பொருள். சோதிக்கும் அந்த அரை நிமிடத்தில் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் சரியான பதம் என்று நீங்கள் முடிவு செய்யும்போது அது பாத்திரத்தில் கடந்துபோயிருக்கும். மழைக்காலத்தில் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் ஒரு டிகிரி கூடுதலாகக் காய்ச்சுவது நல்லது.

ஆறவைத்தலும் அடித்தலும்

பாத்திரத்தை இறக்கியதும் துண்டுகளாக வெட்டிய வெண்ணெயைப் பாகின் மேல் பரவலாகப் போட்டு, வெனிலாவையும் ஊற்றி, அப்படியே விட்டுவிட வேண்டும். கலக்கக் கூடாது. வெண்ணெய் தானாக உருகி மேலே மஞ்சள் படலமாக நிற்கும். அது பாகின் மேற்பரப்பு காய்ந்து ஏடு கட்டுவதையும் தடுக்கிறது. கரண்டியையும் எடுத்துவிட வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தைச் சுரண்டிப் பாகுக்குள் தள்ளும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். இப்போதுதான் பாகு மிகவும் பதற்றமான நிலையில் இருக்கிறது.

ஏறக்குறைய 45 டிகிரிக்கு, அதாவது பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பாகத் தாங்கக்கூடிய அளவுக்கு, அது ஆற வேண்டும். சமையல் மேடையிலேயே விட்டால் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் பாத்திரத்தை அசையாமல் உட்கார வைத்தால் அந்த நேரம் பாதியாகக் குறையும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அடிப்பகுதி மட்டும் இறுகி, நடுப்பகுதி சூடாகவே இருக்கும். இந்த இடைவேளையில் கேக்கைத் தயாராக்கிக்கொள்ளலாம். அதுவும் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். மேடாக உப்பியிருந்தால் ரம்பக்கத்தியால் சமன் செய்து, தூள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு, தட்டின் விளிம்பில் பட்டர் பேப்பர் துண்டுகளைச் செருகி, அவற்றின் மேல் முதல் அடுக்கை வைத்துவிட வேண்டும். கத்தி, கொதிநீர் உள்ள டம்ளர், ஒரு கிண்ணத்தில் சிறிது சூடான பால் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடிக்கத் தொடங்கியபின் தேடுவதற்கு நேரம் இருக்காது.

அடிப்பதற்கு மரக்கரண்டியே சிறந்தது. மின் பீட்டர் வேலையை எளிதாக்கும் என்பது உண்மைதான். ஆனால் பதம் மாறும் கணத்தைக் கையால் உணர முடியாது, இயந்திரத்தை நிறுத்துவதற்குள் ஐசிங் கட்டியாகிவிடும். பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, அடியிலிருந்து மேலாக அள்ளி மடித்து, நிறுத்தாமல் அடிக்க வேண்டும். தொடக்கத்தில் அது தேன்போல் பளபளத்து ஒழுகும். மேலே நின்ற வெண்ணெய் உள்ளே கலக்கும்போது சற்றுப் பிரிந்ததுபோல் தோன்றினாலும் சில நிமிடங்களில் ஒன்றாகிவிடும். கரண்டி கனக்கத் தொடங்கும். நிறம் ஒரு நிழல் வெளிறும். கரண்டியைத் தூக்கினால் விழும் நாடா உடனே மறையாமல் மேற்பரப்பில் தடமாக நிற்கும். அப்போது அதன் ஓரங்களை உற்றுப் பாருங்கள்: கண்ணாடிபோல் இருந்த பளபளப்பு மங்கி, பட்டுத்துணியின் மினுமினுப்பு மட்டும் எஞ்சியிருக்கும். அதுதான் நிறுத்த வேண்டிய இடம். முழுவதும் மங்கும்வரை அடித்தால் அது ஃபட்ஜ் ஆகிவிட்டது. பொதுவாக ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் இந்த மாற்றம் நிகழும். நடுவில் கை வலிக்கிறது என்று நிறுத்தினால், இருக்கும் சில படிகங்கள் அந்த ஓய்வில் பெருத்துவிடும் என்பதால், வீட்டில் இன்னொருவரின் கையைக் கேட்டு வாங்குவது நல்லது.

பூசுதல்

இப்போது உங்களிடம் மூன்று முதல் ஐந்து நிமிடமே இருக்கிறது. ஐசிங்கில் மூன்றில் ஒரு பங்கை முதல் அடுக்கின் மேல் கொட்டி, விளிம்புக்கு அரை அங்குலம் உள்ளே நிற்கும்படி பரப்பி, உடனே இரண்டாவது அடுக்கை அதன் மேல் வைத்து இலேசாக அழுத்த வேண்டும். மீதி முழுவதையும் மேலே நடுவில் ஊற்றி, கத்தியால் சுற்றிலும் தள்ளிப் பக்கங்களில் தானாக வழிய விட்டு, வழிவதைக் கத்தியால் ஏந்திப் பூச வேண்டும். முதலில் பக்கங்களைப் பூசிவிட்டுக் கடைசியில் மேற்புறத்துக்கு வரும் கிரீம் முறை இதற்கு ஒத்துவராது. பக்கங்களை முடிப்பதற்குள் பாத்திரத்தில் இருப்பது கல்லாகிவிடும். ஒரு முறை பூசிய இடத்தை மீண்டும் மீண்டும் தேய்க்கவும் கூடாது, ஏடு கிழிந்து சொரசொரப்பாகிவிடும். கொதிநீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் ஒரே ஒரு முறை வழித்துவிட்டால் போதும். வீட்டு ஐசிங்கில் கத்தியின் அலைத்தடங்கள் தெரிவது குறையன்று. கடைக் கேக்கின் பளிங்கு வழுவழுப்பை இதில் எதிர்பார்ப்பவர்கள் வேறு ஐசிங்கைத் தேர்ந்துகொள்வது நல்லது. பெக்கான், வால்நட் அல்லது முந்திரி தூவுவதானால் ஏடு கட்டுவதற்கு முன்பே தூவிவிட வேண்டும், பிறகு ஒட்டாது.

சரிசெய்யும் வழிகள்

பூசும்போதே கெட்டியாகிவிட்டால் சூடான பாலை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டு அடித்தால் மீண்டும் இளகும். குளிர்ந்த பாலை விடக் கூடாது. பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் அரை நிமிடம் வைத்து எடுப்பதும் உதவும். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தாலும் இதே சூடான பால் ஒரு தேக்கரண்டி விட்டு வேகமாக அடித்தால் சேர்ந்துவிடும்.

எவ்வளவு அடித்தும் கெட்டியாகாமல் ஒழுகினால் காய்ச்சிய பதம் போதவில்லை என்று பொருள். பலர் ஐசிங் சர்க்கரையைக் கொட்டிச் சமாளிப்பார்கள். அது நிற்கும், ஆனால் பச்சை மாவுச் சுவை வந்துவிடும். திரும்ப அடுப்பில் ஏற்றி, நான்கு மேசைக்கரண்டி பால் சேர்த்து, பாகை முழுவதுமாகக் கரைத்து, மறுபடி பதத்துக்குக் காய்ச்சுவதே முறையான வழி. மணலாக நறநறத்துப்போன ஐசிங்கிற்கும் இதுவே மருந்து. இரண்டாம் முறை காய்ச்சும்போது கொழுப்பும் உள்ளேயே இருப்பதால் அடிபிடிக்கும் வாய்ப்பு அதிகம், தீ சிறியதாக இருக்கட்டும். அடிபிடித்துக் கருகல் வாடை வந்துவிட்டால் மட்டும் மீட்க வழியில்லை.

அடிக்காமல் ஊற்றும் வகைகள்

நேரம் பார்த்து அடிப்பதற்கு அஞ்சுபவர்கள் ஸ்மித் தீவு முறையில் தொடங்கலாம். 400 கிராம் சர்க்கரையையும் 240 மில்லி எவாப்பரேட்டட் மில்க்கையும் சூடாக்கி, சர்க்கரை சேராத கசப்புச் சாக்லேட் 140 கிராமும் வெண்ணெய் 115 கிராமும் சேர்த்து உருக்கி, மெல்லிய கொதியில் 10 முதல் 15 நிமிடம் காய்ச்சி, இறுதியில் வெனிலா விட்டால் முடிந்தது. கசப்புச் சாக்லேட் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு 28 கிராமுக்கும் மூன்று மேசைக்கரண்டி கோகோவும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் என்ற கணக்கில், பதினைந்து மேசைக்கரண்டி கோகோவோடு வெண்ணெயை ஐந்து மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம். இது அடுப்பிலிருந்து இறக்கும்போது நீர்த்தே இருக்கும், ஆற ஆறக் கெட்டிப்படும். மெல்லிய அடுக்குகளின் மேல் இரண்டு மூன்று கரண்டியாக ஊற்றி, வழிவதைத் திரும்ப ஏந்தி மேலே விட்டுக்கொண்டே போக வேண்டும். அடுக்குகள் அந்தச் சாக்லேட்டைச் சிறிது உறிஞ்சி ஈரமாகிவிடுவதுதான் அந்தக் கேக்கின் அழகு.

இதைவிடவும் எளிது டெக்சஸ் தட்டுக் கேக்கின் பூச்சு. 115 கிராம் வெண்ணெய், நான்கு மேசைக்கரண்டி கோகோ, 90 மில்லி பால் மூன்றையும் ஒரு கொதி விட்டு இறக்கி, சலித்த ஐசிங் சர்க்கரை 450 கிராமும் வெனிலாவும் ஒரு கப் பெக்கான் பருப்பும் கலந்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சூடான கேக்கின் மேல் நேரடியாக ஊற்ற வேண்டும். பதம் பார்க்க வேண்டியதே இல்லை, தவறவும் வழியில்லை. சுவையில் இதைக் காய்ச்சிய ஐசிங்கின் தங்கை என்றுதான் சொல்ல முடியும், அந்த ஏடும் இதில் மெல்லியதாகவே இருக்கும். பள்ளிக்கு நாற்பது துண்டு கொடுத்தனுப்ப வேண்டிய நாளில் இதற்கு ஈடில்லை.

பூசிய கேக்கைக் குளிர்பெட்டியில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். வெளியே எடுத்ததும் அதன்மேல் ஈரம் கோத்து, சர்க்கரை கரைந்து, ஏடு பிசுபிசுத்துவிடும். மூடியுள்ள டப்பாவில் அறைச்சூட்டிலேயே மூன்று நாள் நன்றாக இருக்கும். உண்மையில் முதல் நாளைவிட இரண்டாம் நாள் ஐசிங்கின் அடிப்புறம் கேக்கோடு இணைந்து இன்னும் மிருதுவாகும். வெட்டும்போது கத்தியைக் கொதிநீரில் நனைத்துத் துடைத்துவிட்டு அழுத்தினால் ஏடு சிதறாது. பாத்திரத்தில் ஒட்டி நிற்கும் மிச்சத்தைச் சுரண்டி, வெண்ணெய் தடவிய தட்டில் தட்டிவிட்டால் அரை மணி நேரத்தில் ஃபட்ஜ் துண்டுகள் கிடைக்கும்; அதற்கும் மேல் ஒட்டியிருப்பதில் ஒரு டம்ளர் பாலை ஊற்றிச் சூடாக்கினால் பாத்திரம் கழுவும் வேலை பாதியாகும், குடிக்க ஹாட் சாக்லேட்டும் ஆகும்.